தவளை யார்கிட்ட?

புதன்கிழமை காலை பத்து பத்துக்கு அக்கா போன் செய்தாள். நான் வகுப்பில் இருந்தேன். அக்கா வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. கூப்பிட்டால் ஒன்று வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, அல்லது நான் எப்போதோ செய்த ஒன்று இப்போது வெளியே வந்திருக்கிறது. இரண்டுமே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில் குனிந்து எடுத்தேன்.

“எறும்பைக் காணோம்டா.”

“எத்தனை?”

“எல்லாம்.”

அக்கா பூச்சியியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஆய்வகத்தில் முப்பத்தாறு கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எறும்புக் கூடு, ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே ஒரு குழாய். தினமும் காலையில் ஒவ்வொரு குழாய் முன்னாலும் பத்து நிமிடம் உட்கார்ந்து, எத்தனை எறும்பு இரைதேடப் போகிறது என்று எண்ண வேண்டும். பாதிப் பெட்டிகளை அக்காவும் பாதியை ஆய்வக உதவியாளரும் எண்ணுவார்கள். ஆளுக்கு மூன்று மணி நேரம். மூன்று வருடம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எங்கள் வீட்டில் தேய்ந்தது அக்கா.

பெட்டிக்குள் இருந்த எறும்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. காணாமல் போனவை ஃபைலில் இருந்த எறும்புகள். மூன்று வருட எண்ணிக்கையும் ஒரே ஃபைலில் இருந்தது. அதைத் திறந்தால் ‘ஃபைல் சிதைந்திருக்கிறது’ என்று ஒரு வரி மட்டும் வந்தது.

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வுக் கமிட்டிடா. வெளியிலேருந்து வர்ற நிபுணர் மூல எண்ணிக்கையை அவர் கண் முன்னாடி திறந்து காட்டணும்னு லெட்டர் போட்டிருக்கார். என் பிஎச்.டி. பதிவு இந்த மாசத்தோட முடியுது. கேக்குதா?”

“கேக்குது.”

“நீதானே அந்த ஃபைலை சர்வர்ல வெச்சே?”

“நான் தான்.”

“வா.”

போனேன். 

வழியில் நினைத்துப் பார்க்க எனக்கு நிறைய இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா என்னிடம் ஓர் உதவி கேட்டாள். ஆய்வகத்தில் மூன்று கணினிகள், மூன்றும் மூன்று திசை. உதவியாளர் அண்ணனுடையது பழைய விண்டோஸ். அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியை, துறைத் தலைவர், எல்லோருக்கும் மேடம், வைத்திருந்தது மேக். அக்காவின் லேப்டாப்பில் லினக்ஸ்; அதைப் போட்டுக் கொடுத்ததும் நானே. மூன்று பேரும் ஒரே ஃபைலில் எழுத வேண்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று பென்டிரைவில் அனுப்பி அனுப்பி அவர்களுக்கு அலுத்துவிட்டது.

மூடி சரியாக மூடாத ஒரு பழைய கணினியை மூலையில் வைத்து, அதற்கு சர்வர் என்று பெயர் சூட்டி, ஃபைலை அதில் வைத்தேன். விண்டோஸும் மேக்கும் வருவதற்கு ஒரு வழி திறந்தேன். லினக்ஸுக்கு அது கொஞ்சம் மெதுவாக இருந்ததால் இன்னொரு வழி திறந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல். இரண்டிலும் ஒரு காவல்காரர். யாராவது உள்ளே எழுதிக்கொண்டிருந்தால், அந்த வாசல் காவல்காரர் அடுத்தவரை நிறுத்தி, ‘கொஞ்சம் இருங்க, ஆள் இருக்காங்க’ என்பார். ஆனால் முன்வாசல்காரரும் பின்வாசல்காரரும் சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி. பேச்சுவார்த்தை கிடையாது. முன்னால் ஒருவர் போய் பீரோவை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொருவரை உள்ளே விட்டுவிடுவார்கள். இருவரும் ஒரே பீரோவை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பீரோவுக்கு என்ன ஆகும் என்பதுதான் புதன்கிழமை காலைச் செய்தி.

இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம். ஒரே வாசலாக மாற்ற நாலு மணி நேரம் ஆகும். எனக்கு மறுநாள் தேர்வு. அதனால் ஒரு தவளையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பச்சை ரப்பர் தவளை. குளியலறைப் பொம்மை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே வாங்கியது. அமுக்கினால் ‘கீ’ என்னும். சட்டம் ஒன்றே ஒன்று: தவளை யார் மேஜையில் இருக்கிறதோ அவர் மட்டும் ஃபைலைத் திறக்கலாம். எழுதி முடித்து, மூடி, தவளையை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பெரிய பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கான வரி நிரல் எழுதிச் செய்வதை நான் ஒரு தவளையில் முடித்துவிட்டேன் என்று ஹாஸ்டலில் பீற்றிக்கொண்டேன்.

எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. உள் அறையில் அக்கா, வெளி அறையில் அண்ணன், எதிரில் மேடம். நடுவில் எறும்புப் பெட்டி அடுக்குகள். யார் மேஜையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. அதனால் நாள் முழுக்கக் குரல் மட்டும் கேட்கும். “தவளை யார்கிட்ட?” “என்கிட்ட, ரெண்டு நிமிஷம்.” “ரெண்டு நிமிஷம்னு சொல்லி அரை மணி ஆச்சு, தவளையை விடுங்க!”

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா நாற்காலியில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி தாங்காத கவலை போலிருக்கிறது. அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஐம்பது வயதுக்காரர். வருகைப் பதிவேட்டில் நிமிடத்தோடு கையெழுத்துப் போடுகிற ஆள்.

“வாங்க தம்பி. இது ஏதாச்சும் வைரஸா?”

“இல்லண்ணே. ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதியிருக்காங்க.” சர்வரின் பதிவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “நேத்து பதினொண்ணு ரெண்டுக்கு அக்கா எழுதியிருக்கா. அதே பதினொண்ணு ரெண்டுக்கு நீங்களும்.”

“அதெப்படி? தவளை என்கிட்டல்ல இருந்துச்சு?”

அக்கா தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “என்னண்ணே சொல்றீங்க? என்கிட்ட இருந்துச்சு. பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் என் லேப்டாப் பக்கத்துல.”

“பாப்பா, பத்தே முக்காலுக்கு என் மேஜையில எடுத்தேன். அமுக்கிக்கூடப் பார்த்தேன், ‘கீ’ன்னுச்சு.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அய்யோ, நான் அப்படிச் சொல்வேனா? ஆனா நானும் சொல்லல.”

மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி முன்னால் உட்கார்ந்து மூச்சு விடாமல் எண்ணியவர்கள். ஒருவர் எண்ணும்போது மற்றவர் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார். இப்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் அந்த மூன்று வருடமும் ஆடியது. நான் பதிவை மேலே தள்ளிக்கொண்டே போனேன். நேற்று மட்டும் இல்லை. திங்கள், ஞாயிறு, சனி. போன வெள்ளியிலிருந்து இருவரும் மாறி மாறி மோதியிருக்கிறார்கள். அதற்கு முன் எட்டு மாதத்தில் ஒரு மோதல் கிடையாது.

“போன வாரத்துலேருந்து ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?”

அண்ணன் யோசித்தார். “வித்தியாசம்னா... தவளைக்குச் சண்டையே வரலை தம்பி. தேடினா கையில கிடைச்சுது. பரவாயில்லையே, பாப்பாவுக்குப் பொறுப்பு வந்துருச்சேன்னு நினைச்சேன்.”

“நானும் உங்களைப் பத்தி அதேதான் நினைச்சேன்,” என்றாள் அக்கா.

அண்ணன் மெதுவாகத் தன் மேஜைக்குப் போனார். அக்கா எழுந்து உள் அறைக்குப் போனாள். இருவரும் திரும்பி வந்தார்கள். இருவர் கையிலும் தவளை இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மேடம் உள்ளே வந்தார். இரண்டு தவளைகளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தவளை இரண்டாகவே இருந்தது.

“ஓ,” என்றார். “அதுவா.”

போன வியாழக்கிழமை மாலை தவளையை மறந்துபோய்த் தன் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளி காலை பையைத் தேடினால் இல்லை. ஒரு துறைத் தலைவர் தவளையைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பொம்மைக் கடையில் அதே மாதிரி ஒன்றை வாங்கி, யாரும் பார்க்காதபோது அக்கா மேஜையில் வைத்துவிட்டார். மதியம் குடையை விரித்தால் பழைய தவளை உள்ளிருந்து விழுந்தது. அதை அண்ணன் மேஜையில் வைத்தார்.

“ஏன் மேடம்?” என்றேன்.

“ஸ்பேர் இருக்கட்டுமேன்னுதான். நம்ம துறையில எதையும் ஒரே ஒண்ணா வெச்சுக்க மாட்டோம்பா. பாடம் பண்ணின வண்டுகூட ரெண்டு வெப்போம். ஒண்ணு போனா இன்னொண்ணு.”

சொல்லி முடித்த பிறகு அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தவளை தன் வாயால் கெடும். ஆனால் அந்த வாய் முதலில் என்னுடையது. எதையும் இரண்டாக வைக்கிற இடத்தில் போய், உலகத்தில் ஒன்றே ஒன்றாக மட்டும் இருக்க வேண்டிய பொருளைக் கொடுத்துவிட்டு, ஏன் ஒன்று என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சரி,” என்றாள் அக்கா. ரொம்ப அமைதியாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. “பேக்கப் இருக்கா?”

இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு ஃபைலை நகல் எடுத்து, பழைய நகலின் மேலேயே வைக்கும்படி செய்திருந்தேன். நேற்று ஆறு மணிக்கும் ஒழுங்காக நடந்திருந்தது. சிதைந்த ஃபைலை ஒரு எழுத்து பிசகாமல் நகல் எடுத்து, நல்ல நகலின் மேல் வைத்திருந்தது.

“முதல்ல பேப்பர்ல பென்சிலால எழுதிட்டுத்தானே டைப் பண்ணுவீங்க? அந்தச் சீட்டெல்லாம்?”

அக்கா என்னைப் பார்த்தாள். “‘இனிமே பேப்பர் எதுக்கு, அதான் சர்வர்ல இருக்கே, தூக்கிப் போடு’ன்னு ஒருத்தன் சொன்னான்.”

அந்த ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான்.

சிதைந்த ஃபைலிலிருந்து படிக்க முடிந்த வரிகளை மட்டும் உருவி எடுத்து, புது ஃபைலில் சேர்க்கலாம். இடிந்த வீட்டிலிருந்து நல்ல செங்கல்லைப் பொறுக்குகிற வேலை. புதன் மாலைக்குள் முடிந்தது. முப்பத்தொரு பெட்டிகள் முழுசாக வந்தன. மற்ற ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ பதினோரு மாதக் கணக்கு இல்லை. நான்கு, ஒன்பது, பதினொன்று, பதினேழு, முப்பது. அக்கா அந்த எண்களை விபத்துச் செய்தியில் பெயர் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் படித்தாள்.

வியாழக்கிழமை காலை மேடம் பட்டியலைப் பார்த்தார். இரவு அவரும் தூங்கியிருக்கவில்லை என்று கண் சொன்னது.

“முப்பத்தொண்ணு நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு அதைத் திறந்து காட்டு. அந்த அஞ்சு பேச்சை எடுக்காதே. அவர் எங்க முப்பத்தாறையும் எண்ணப் போறார்?”

“மேடம், அஞ்சு இல்லங்கிறது எனக்குத் தெரியும். அது கவலை இல்ல.” அக்கா திரையில் ஒரு வரியைத் தொட்டாள். “இது இருபத்திரண்டாம் பெட்டி. திங்கட்கிழமை நானூத்திப் பத்துன்னு போட்டிருக்கு. இது நான் எண்ணின எறும்பா, வேற பெட்டியிலேருந்து வந்த எறும்பா? பார்த்தா தெரியலையே.”

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. காணாமல் போனது பரவாயில்லை. காணோம் என்றாவது தெரிகிறது. முடியைச் சீவி, சட்டையை மாட்டிக்கொண்டு, சரியான எண் மாதிரியே நிற்கிற தப்பான எண்ணை என்ன செய்வது? முப்பத்தையாயிரம் வரிகள். எல்லாம் சமத்தாக உட்கார்ந்திருந்தன.

“ஒரு விஷயம்,” என்றார் அண்ணன். கதவருகே நின்று தொண்டையைச் செருமினார். “தம்பி தப்பா நினைக்கக் கூடாது.”

“சொல்லுங்கண்ணே.”

“நீங்க சீட்டைத் தூக்கிப் போடச் சொன்னீங்க. பாப்பாவும் போட்டுச்சு. ஆனா குப்பைத் தொட்டியில பார்த்தா நல்ல கெட்டிப் பேப்பரா கிடந்துச்சு. நம்ம பெட்டி ஸ்டாண்டெல்லாம் ஆடும், எறும்புக்கு ஆட்டம் ஆகாது. அதான் அப்பப்ப மடிச்சு...”

நாங்கள் மூவரும் குனிந்தோம். ஒவ்வொரு ஸ்டாண்டின் காலுக்கும் அடியில், நாலாக மடித்த வெள்ளைப் பேப்பர் இருந்தது.

ஸ்டாண்டை ஒருவர் தூக்க, ஒருவர் உருவ, எறும்புகள் என்ன நடக்கிறது என்று குழாய் வாயில் வந்து பார்த்தன. சீட்டை எடுத்தால் ஸ்டாண்ட் ஆடும் என்று அண்ணன் கவலைப்பட்டார். என் பையிலிருந்த கணினி வலையமைப்புப் பாடப்புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்துக் கொடுத்தேன். அந்தப் புத்தகம் எனக்கு முதல் தடவையாக உதவியது அன்றைக்குத்தான்.

படிக்கிற நிலையில் இருநூற்று ஆறு சீட்டுகள் கிடைத்தன. அக்கா சீட்டைப் படிக்க, நான் திரையைப் படித்தேன்.

“இருபதாம் பெட்டி, எழுபத்தொண்ணு.”

“எழுபத்தொண்ணு.”

“மூணாம் பெட்டி, நூத்தி நாலு.”

“நூத்தி நாலு.”

ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் நான் மூச்சைப் பிடித்தேன். போன வெள்ளிக்கு முந்தைய சீட்டுகள் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அத்தனையும் ஒத்துப்போயின. அதற்குப் பிந்தியவை பதினாலு.

“இருபத்திரண்டாம் பெட்டி, திங்கள். எண்பத்தெட்டு.”

நான் திரையை இன்னொரு தடவை பார்த்தேன்.

“டேய்.”

“நானூத்திப் பத்து.”

பதினாலில் மூன்று தப்பு. அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். போன வெள்ளியிலிருந்து உள்ள எல்லா வரிகளையும், சரியானதையும் சேர்த்து, அழிக்கச் சொன்னாள். அழித்தேன். அன்று மாலைக்குள் பின்வாசலை மூடி, எல்லோரும் ஒரே வாசலில் வரும்படி மாற்றினேன். சரியாக நாலு மணி நேரம் ஆனது. பேக்கப்பைத் தேதிவாரியாக முப்பது நாளுக்கு வைத்தேன். அதில் ஒன்றை அன்றே திறந்தும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் பார்த்துக்கொள்ள என்று சொல்லி என்னைக் கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒல்லியான மனிதர். எதற்கும் தலையை ஆட்டவில்லை.

அக்கா ஃபைலைத் திறந்தாள். பிறகு யாரும் கேட்காமலே, “முப்பத்தாறு கூடுன்னு எழுதியிருந்தேன் சார். கையில முப்பத்தொண்ணுதான் இருக்கு,” என்று ஆரம்பித்தாள். இரண்டு வாசலைச் சொன்னாள். சீட்டுகளை அடுக்கி வைத்தாள்; சிலவற்றில் ஸ்டாண்ட் காலின் வட்டம் பதிந்திருந்தது. கடைசியில் இரண்டு தவளைகளையும் மேஜையில் வைத்தாள். மேடம் எழுந்து, “ரெண்டாவது என்னோடது,” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் எழுந்து முதலாவது என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

நிபுணர் ஒரு தவளையை எடுத்து அமுக்கினார். ‘கீ’. இன்னொன்றை அமுக்கினார். ‘கீ’. ஒன்றாகத்தான் கேட்டது.

“மூணாவது தவளை இல்லைன்னு எப்படித் தெரியும்?”

அக்காவின் விரல்கள் சீட்டுக் கட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

“தெரியாது சார்,” என்றாள். “அதனாலதான் சீட்டோட ஒத்துப் பார்த்தேன். போன வெள்ளிக்கு முன்னாடி நூத்தித் தொண்ணூத்திரண்டு சீட்டு, ஒண்ணுகூட மாறல. அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது.”

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அங்கே காத்திருந்த அண்ணனோடு நாற்பது நிமிடம் நடைபாதையில் நின்றோம். அக்கா என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“ரெண்டு திட்டு திட்டேன்க்கா.”

“அப்புறம். இப்ப எண்ணிட்டிருக்கேன்.”

“என்ன எண்ணுறே?”

“தரையில டைல்ஸ்.”

கதவைத் திறந்து மேடம் வந்தார். முப்பத்தொரு கூடுகளை ஏற்றுக்கொண்டார்கள். தொலைந்த ஐந்தையும் இன்னும் ஆறு மாதம் எண்ணிச் சேர்க்க வேண்டும், பதிவை அதுவரை நீட்டிக்கிறார்கள். பட்டம் போகவில்லை. ஆறு மாதம் போனது. அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். புதன்கிழமை காலையில் இழுத்த மூச்சு அது.

“அஞ்சு பெட்டியையும் யார் எண்ணுறது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு ஆய்வகத்தில் இருக்கிறேன். ஐந்து பெட்டி, ஐம்பது நிமிடம். தவளை இனித் தேவையில்லை, ஒரே வாசல்தான், காவல்காரர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் இரண்டு தடவை விளக்கிச் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிதான் தம்பி. தவளை யார்கிட்ட?” என்கிறார். தவளை இல்லாமல் அவர் ஃபைலைத் தொடுவதில்லை.

அதனால் சனிக்கிழமை பொம்மைக் கடைக்குப் போனேன். பச்சைத் தவளை எத்தனை வந்தது, எத்தனை விற்றது என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரு டஜன் வந்தது, ஐந்து மீதி என்றார். ஐந்தையும் வாங்கிவிட்டேன். என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டு போக, இன்னும் ஐந்து வெளியே எங்கேயோ இருக்கின்றன.

இன்று காலை பதினேழாம் பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு. பென்சிலால் சீட்டில் எழுதினேன். நடுவில் ஒரு எறும்பு பாதி தூரம் வந்து, எதையோ மறந்தது போலத் திரும்பி உள்ளே போனது. அதைச் சேர்த்தேனா, விட்டேனா?

“அக்கா, திரும்பிப் போறதை எண்ணணுமா?”

“கூடாது.”

நானூற்றுப் பதினொன்று என்று அடித்து எழுதினேன். சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழாயில் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.